ஜேர்மனியா, அவுஸ்திரேலியாவா? லிங்கநகர் வீட்டுக் கணக்கு… தெரியுமா?

பூகோள உருண்டை ஒன்றில் திருகோணமலையில் ஒரு நூலின் நுனியை வைத்து, வடமேற்கே ஜேர்மனியின் பிராங்பேர்ட் வரை இழுங்கள். பிறகு அதே நூலைத் தென்கிழக்கே அவுஸ்திரேலியாவின் மெல்பேர்ண் வரை இழுங்கள். இரண்டும் கிட்டத்தட்ட ஒரே நீளம்! இரண்டுமே 8,000 கிலோமீற்றரைச் சற்றுத் தாண்டும். உயர்தரப் பெறுபேறு வந்த கையோடு திருகோணமலை லிங்கநகரில் ஒரு வீட்டில் "ஜேர்மனியா, அவுஸ்திரேலியாவா?" என்று பேச்சு எழுந்தால், "எது கிட்ட?" என்ற கேள்விக்கு அங்கே இடமே இல்லை. பேர்த் ஒரு விலக்கு. அந்த நகரம் நமக்கு 6,000 கிலோமீற்றருக்கும் குறைந்த தூரத்தில், இதே இந்து சமுத்திரத்தின் மறுகரையில் இருக்கிறது.

தூரம் ஒன்று, ஆனால் கடிகாரம் வேறு! இரவு ஒன்பது மணிக்கு லிங்கநகரில் சாப்பாடு முடிந்து அம்மா வட்ஸ்அப்பில் அழைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். பிள்ளை ஜேர்மனியில் இருந்தால் அங்கே கோடையில் மாலை ஐந்தரை, குளிர்காலத்தில் நாலரை. விரிவுரை முடிந்து ரயிலில் வந்துகொண்டிருப்பான், கதைக்கலாம். பிள்ளை மெல்பேர்ணில் இருந்தால் அங்கே பின்னிரவு ஒன்றரை, அந்த ஊர்க் கோடையில் இரண்டரை. மெல்பேர்ண் பிள்ளையோடு கதைக்க நல்ல நேரம் பின்னேரம் நாலு, நாலரை. அம்மா ஆசிரியை என்றால் பள்ளிக்கூடத்தால் வந்து தேத்தண்ணி குடிக்கும் நேரம் அது, அங்கே இரவு ஒன்பதை ஒட்டியிருக்கும். முதல் வருடம் முழுக்க ஒரு பிள்ளையைத் தாங்கிப் பிடிப்பது இந்தத் தொலைபேசி அழைப்புத்தான். எந்த ஏஜென்சியின் துண்டுப்பிரசுரத்திலும் இதைப் பற்றி ஒரு வரி இருக்காது.

சரி, காசுக்கு வருவோம். இங்கேதான் ஆச்சரியங்கள் கொட்டிக் கிடக்கின்றன!

ஜேர்மன் மாணவர் வீசாவுக்கு வாழ்க்கைச் செலவுப் பணத்தைக் காட்டினால் மட்டும் போதாது, கொண்டுபோய்க் கட்ட வேண்டும் என்பது தெரியுமா? 'புளொக்ட் அக்கவுண்ட்' என்று சொல்லப்படும் கணக்கில் ஓர் ஆண்டுக்கு 11,904 யூரோ வைப்புச் செய்ய வேண்டும். 2024 செப்டெம்பரில் வந்த தொகை இது. நம்முடைய ரூபாயில் 40 இலட்சத்துக்கு மேல். கேட்டதும் நெஞ்சு பதறும். ஆனால் அந்தப் பணத்தில் ஒரு சதம்கூட ஜேர்மன் அரசுக்குப் போவதில்லை! பிள்ளை அங்கே போய் இறங்கியதும் மாதம் 992 யூரோ வீதம் அவனுடைய கைக்கே திரும்பி வருகிறது. அறை வாடகை, சாப்பாடு, மாதம் 120 யூரோவுக்கு மேல் போகும் மருத்துவக் காப்புறுதி எல்லாம் அதிலிருந்துதான். வீசா கிடைக்காவிட்டால் கணக்கை மூடிப் பணத்தைத் திரும்ப எடுக்கலாம். கணக்கை நடத்தும் நிறுவனத்தின் கட்டணமும் நாணய மாற்றில் போவதும்தான் நட்டம்.

அவுஸ்திரேலியாவில் வேறு ஏற்பாடு. 2024 மே மாதத்திலிருந்து ஓர் ஆண்டு வாழ்க்கைச் செலவுக்கு 29,710 அவுஸ்திரேலிய டொலர் இருப்பதாகக் காட்ட வேண்டும். முதலாண்டுக் கல்விக் கட்டணமும் பயணச் செலவும் அதற்கு மேலே. இதைக் காட்டினால் போதும், யாரிடமும் ஒப்படைக்க வேண்டியதில்லை. ஆனால் வீசா விண்ணப்பக் கட்டணத்தைக் கேளுங்கள். 2024 ஜூன் வரை 710 டொலராக இருந்தது, அந்த ஜூலை முதலாம் திகதி ஒரே பாய்ச்சலில் 1,600 ஆனது, மறு ஆண்டு ஜூலையில் 2,000! வீசா கிடைத்தாலும் கிடைக்காவிட்டாலும் அந்தக் காசு திரும்பாது. நாலு இலட்சம் ரூபாய் அளவிலான தொகை, ஒரு விண்ணப்பத்துக்கு. லிங்கநகரில் துறைமுகச் சம்பளத்தில் ஓடும் ஒரு வீட்டுக்கு, நகை அடைவு வைத்துக் கட்டிய காசு அப்படிப் போவது சின்ன விடயமில்லை. ஆகவே அவுஸ்திரேலியப் பல்கலைக்கழக அனுமதிக் கடிதம் கையில் இருந்தால், விண்ணப்பத்தில் ஒரு வரியைக்கூட ஏஜென்சியை நம்பிக் கண்ணை மூடிக்கொண்டு விடாதீர்கள். "ஏன் இந்தப் படிப்பு, ஏன் இந்த நாடு" என்ற கேள்விகளுக்குப் பிள்ளை தன் சொந்த வார்த்தையில் பதில் எழுத வேண்டும். 2024 மார்ச்சில் வந்த 'உண்மையான மாணவர்' விதி அதைத்தான் கேட்கிறது.

இன்னொன்று! ஜேர்மனியில் மாமாவோ சித்தப்பாவோ நல்ல வருமானத்தோடு இருக்கிறாரா? அப்படியானால் புளொக்ட் அக்கவுண்டே தேவைப்படாமல் போகலாம். அவர் தன் ஊரில் உள்ள வெளிநாட்டவர் அலுவலகத்துக்குப் போய், இந்தப் பிள்ளையின் செலவுக்கு நான் பொறுப்பு என்று சட்டப்படி கையெழுத்திட்டுக் கொடுக்கலாம். அவருடைய சம்பளத்தை அலுவலகம் பார்த்துத்தான் ஏற்கும். கையெழுத்து வைத்தால் அது அவரை உண்மையாகவே கட்டும். கல்யாண வீட்டில் வைத்துச் சும்மா கேட்டுவிடக் கூடிய உதவி இல்லை.

"ஜேர்மனியில் படிப்பு இலவசம்" என்று ஊரெல்லாம் பேச்சு. பெரும்பாலான அரச பல்கலைக்கழகங்களில் உண்மை. ஆனால் ரைன் ஆற்றின் ஒரு கரையில் மான்ஹைம், மறுகரையில் லூட்விக்ஸ்ஹாபன். பாலத்தால் நடந்தே போய்விடலாம். மான்ஹைம் இருக்கும் பாடன்-வூர்ட்டம்பேர்க் மாநிலத்தில் 2017 முதல் ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளியேயிருந்து வரும் மாணவர் ஒரு பருவத்துக்கு 1,500 யூரோ கட்ட வேண்டும். பாலத்தைக் கடந்தால் வேறு மாநிலம், அந்தக் கட்டணம் இல்லை! ஹைடல்பேர்க், ஸ்ருட்கார்ட், கார்ல்ஸ்ரூஹ என்று நம் பிள்ளைகள் ஆசையோடு சொல்லும் பெயர்களில் பல கட்டணம் வாங்கும் கரையில்தான் இருக்கின்றன. பவேரியா மாநிலத்தில் மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 குளிர்காலப் பருவத்திலிருந்து நம்மைப் போன்றவர்களிடம் பருவத்துக்கு 2,000 முதல் 6,000 யூரோ வரை வாங்கத் தொடங்கிவிட்டது. நாட்டைத் தெரிந்தால் போதாது, மாநிலத்தையும் தெரிய வேண்டும்.

வேலை விடயத்திலும் இரண்டு நாடுகளும் இரண்டு விதமாக எண்ணுகின்றன. அவுஸ்திரேலியா மணித்தியாலத்தை எண்ணுகிறது: படிப்புக் காலத்தில் இரண்டு கிழமைக்கு 48 மணித்தியாலம், விடுமுறையில் வரையறை இல்லை. ஜேர்மனி நாளை எண்ணுகிறது: 2024 மார்ச்சிலிருந்து ஆண்டுக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள். அவுஸ்திரேலியாவில் 2025 ஜூலையில் குறைந்தபட்சக் கூலி மணிக்கு 24.95 டொலர் ஆனது, ஜேர்மனியில் 2026 ஜனவரியிலிருந்து 13.90 யூரோ. கையில் வருவதைப் பார்த்தால் இரண்டும் அவ்வளவு தூரத்தில் இல்லை. வித்தியாசம் செலவுப் பக்கத்தில்தான் இருக்கிறது: அவுஸ்திரேலியப் பிள்ளையின் கூலி கல்விக் கட்டணத்தைத் துரத்திக்கொண்டே ஓடும், ஜேர்மன் பிள்ளையின் கூலி வாடகையோடு நின்றுவிடும்.

அப்படியானால் ஜேர்மனிதான் என்று முடிவு கட்டிவிடலாமா? பொறுங்கள், எல்லாவற்றையும் புரட்டிப் போடும் விடயம் இப்போதுதான் வருகிறது. வயது!

நம் உயர்தரப் பெறுபேற்றை அவுஸ்திரேலியப் பல்கலைக்கழகங்கள் நேரடியாகவே ஏற்கின்றன. பத்தொன்பது வயதில் போய் இளமாணிப் பட்டத்தில் உட்கார்ந்துவிடலாம். ஜேர்மனியில் இளமாணிப் படிப்பு பெரும்பாலும் ஜேர்மன் மொழியில்தான். அதோடு உயர்தரம் முடித்த பிள்ளை பெரும்பாலும் 'ஸ்ரூடியன்கொலெக்' என்ற ஓராண்டு ஆயத்தப் படிப்பைப் படித்து, இறுதியில் ஒரு சோதனையும் சித்தியடைந்த பிறகே பல்கலைக்கழக வாசலை மிதிக்கலாம். அதற்கு முன்பே ஜேர்மன் மொழியில் நடுத்தர அளவு தேர்ச்சி வேண்டும். ஆக, மொழிக்கு ஒன்றரை வருடம், ஆயத்தத்துக்கு ஒரு வருடம் என்று போனால், இளமாணி தொடங்கும்போது பிள்ளைக்கு இருபத்திரண்டு. அதே பிள்ளை இங்கேயே பட்டம் முடித்துவிட்டு இருபத்துநாலு வயதில் முதுமாணிக்குப் போனால்? ஆங்கிலத்திலேயே நடக்கும் நூற்றுக்கணக்கான முதுமாணிப் படிப்புகள் ஜேர்மனியில் காத்திருக்கின்றன, பெரும்பாலானவற்றுக்குக் கல்விக் கட்டணம் இல்லை! எனக்கு இதில் சந்தேகமே இல்லை: லிங்கநகர் வீட்டில் முதலில் கேட்க வேண்டியது "எந்த வயதில் அனுப்பப் போகிறோம்?" என்பதுதான். அதற்கு விடை கிடைத்தால் நாடு பெரும்பாலும் தானாகவே வந்துவிடும்.

எந்த நாட்டுக்கு என்ற கேள்வி நமக்குப் புதிதா? இல்லவே இல்லை! பத்தொன்பதாம் நூற்றாண்டில் கொழும்பில் ஒரே வீட்டில் இதே கேள்வி எழுந்தது. அண்ணன் பொன்னம்பலம் இராமநாதன் சென்னை மாநிலக் கல்லூரிக்குப் போனார். தம்பி அருணாசலம் 1870இல் புலமைப்பரிசிலோடு கேம்பிரிட்ஜின் கிறைஸ்ட் கல்லூரிக்குப் போனார். தம்பி 1875இல் இலங்கைச் சிவில் சேவைக்குத் திறந்த போட்டிப் பரீட்சையில் சித்தியடைந்து நுழைந்தார், 1919இல் இலங்கைத் தேசிய காங்கிரஸின் முதல் தலைவரானார். அண்ணன் சொலிசிட்டர் ஜெனரலாக உயர்ந்தார், 1911இல் படித்த இலங்கையர் தொகுதியில் வென்று சட்டசபைக்குப் போனார். ஒரு வீடு, இரண்டு நாடு, இரண்டு 'சேர்' பட்டம்!

அதற்கும் முன்னால், 1857இல் தொடங்கிய சென்னைப் பல்கலைக்கழகத்தின் முதல் இரண்டு பட்டதாரிகளும் யார் தெரியுமா? இருவருமே யாழ்ப்பாணத்தவர்! கறோல் விசுவநாதபிள்ளையும், பின்னாளில் பழந்தமிழ் நூல்களைப் பதிப்பித்த சி. வை. தாமோதரம்பிள்ளையும். சென்னைக்காரருக்கு முன்னே சென்னைப் பட்டத்தை வாங்கியவர்கள் கடல் கடந்து போன நம்மவர்கள்.

போகாமலே வாங்கியவர் கதை இன்னும் பெரிது. காரைதீவில் 1892இல் பிறந்த மயில்வாகனம் 1916இல் மதுரைத் தமிழ்ச் சங்கத்தின் பண்டிதர் பரீட்சையில் சித்தியடைந்தார். 1920இல் லண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டத்தை வெளிவாரியாகப் பெற்றார். மதுரைத் தமிழும் லண்டன் விஞ்ஞானமும் ஒரே ஆளிடம்! இரண்டு நாடுகளுக்கிடையே ஒன்றைத் தெரிவு செய்யச் சொன்னால் இரண்டையுமே எடுத்துக்கொண்ட மனிதர். அவர்தான் சுவாமி விபுலானந்தர். 1920களில் நம் திருகோணமலை இந்துக் கல்லூரியின் அதிபர் கதிரையில் இருந்தவர், 1931இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியரானவர். லண்டன் பல்கலைக்கழகம் 1858இல் வெளியார்க்குத் திறந்துவிட்ட அந்தக் கதவு இன்னும் மூடப்படவில்லை. இன்றும் லிங்கநகரில் வீட்டிலிருந்தே லண்டன் வெளிவாரிப் பட்டம் படிக்கலாம். தகப்பனுக்கு நோய், தாய்க்குத் துணை வேண்டும் என்று ஊரை விட முடியாத பிள்ளைகளுக்கு இதைக் கட்டாயம் சொல்ல வேண்டும்.

லண்டன் என்றதும் ஞாபகம் வருகிறது. திருகோணமலை என்ற பெயரைத் தாங்கிய ஒரு கப்பல் இங்கிலாந்தில் இன்னும் மிதக்கிறது, தெரியுமா! 1817இல் பம்பாயில் தேக்கு மரத்தால் கட்டப்பட்ட 'எச்.எம்.எஸ். டிரிங்கோமலி'. வட இங்கிலாந்தின் ஹார்ட்டில்பூல் நகரில் போய்ப் பார்க்கலாம். இருபதாம் நூற்றாண்டில் பல பத்தாண்டுகள், 1986 வரை, இளைஞர்களுக்குக் கடல் வாழ்க்கை பழக்கும் பயிற்சிக் கப்பலாக அது இருந்தது. நம்ம ஊர்ப் பெயர் கொண்ட கப்பல் அங்கே ஒரு பள்ளிக்கூடமாகவே இருந்திருக்கிறது! டர்ஹம், டீசைட் பக்கம் படிக்கப் போகும் பிள்ளைகள் ஒரு சனிக்கிழமையை அதற்கு ஒதுக்கலாம்.

அவுஸ்திரேலியாவுக்கு ஆசிய மாணவர்கள் பெருமளவில் போகத் தொடங்கிய கதையும் நம் நாட்டில்தான் பிறந்தது. 1950 ஜனவரியில் பொதுநலவாய நாடுகளின் வெளிவிவகார அமைச்சர்கள் கொழும்பில் கூடினார்கள். அங்கே முளைத்ததுதான் கொழும்புத் திட்டம். 1951 முதல் அந்தப் புலமைப்பரிசிலில் ஆசிய மாணவர்கள் அவுஸ்திரேலியாவில் போய் இறங்கினார்கள். அந்த நாளில் அந்த நாட்டில் 'வெள்ளை அவுஸ்திரேலியா' குடிவரவுக் கொள்கை நடப்பிலிருந்தது, 1973இல்தான் முற்றாக ஒழிந்தது. குடியேற விடாத நாட்டுக்குள் படிக்க வந்த அந்த மாணவர்களோடு வாடகை வீடுகளிலும் வகுப்பறைகளிலும் பழகித்தான் பல அவுஸ்திரேலியக் குடும்பங்கள் முதன்முதலாக ஓர் ஆசியரோடு உட்கார்ந்து சாப்பிட்டன. இப்போது 'புதிய கொழும்புத் திட்டம்' என்ற பெயரில் அவுஸ்திரேலியா தன் பிள்ளைகளை ஆசியாவுக்குப் படிக்க அனுப்புகிறது. 2014இல் தொடங்கியது. வண்டி திரும்பி ஓடுகிறது!

ஜேர்மனிப் பக்கம் நம்மவர்கள் போன பாதை இவ்வளவு மரியாதையானது இல்லை. 1980களில் போருக்குத் தப்பிய பலர் கிழக்கு பேர்லினின் ஷோனபெல்ட் விமான நிலையத்தில் இறங்கி, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் போய் அகதி விண்ணப்பம் கொடுத்தார்கள். பனி, முகாம், உணவக அடுப்படி என்று கழிந்த அந்த வாழ்க்கையிலிருந்து எழும்பியதுதான் ஹம் நகரின் காமாட்சி அம்பாள் கோவில். 2002இல் குடமுழுக்கு நடந்தது. ராஜகோபுரத்தோடு, ஐரோப்பாவின் பெரிய சைவக் கோவில்களில் ஒன்று. அங்கே தீர்த்தத் திருவிழா எங்கே நடக்கிறது தெரியுமா? சரக்குப் படகுகள் போகும் டாட்டல்ன்–ஹம் கால்வாயில்! நம் கோணேசர் கோவில் அம்மனுக்குக் கடல் இருப்பதுபோல அந்த அம்மனுக்கு ஒரு கால்வாய். டோர்ட்முண்டிலோ போகுமிலோ படிக்கும் பிள்ளைக்குத் தேர்த் திருவிழா ரயில் எட்டும் தூரத்தில்தான். முந்தின தலைமுறை அகதியாய்ப் போன நாட்டுக்கு இந்தத் தலைமுறை கையில் அனுமதிக் கடிதத்தோடு போகிறது. எனக்கு இது மிகப் பெரிய விடயம்.

இனி, எல்லாக் கணக்கையும் ஒரே இரவில் கவிழ்க்கக்கூடியது நாணயம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு அமெரிக்க டொலர் 200 ரூபாய் அளவில் இருந்தது. மே மாதம் 360ஐத் தொட்டது! வெளிநாட்டுப் பல்கலைக்கழகம் ஒரு டொலரும் கூட்டவில்லை, ஆனால் இங்கிருந்து அனுப்ப வேண்டிய ரூபாய் முக்கால் பங்குக்கு மேல் ஏறிவிட்டது. அந்த நேரம் காணியை விற்றவர்களும் படிப்பை இடையில் விட்ட பிள்ளைகளும் நம் மாவட்டத்திலும் உண்டு. புளொக்ட் அக்கவுண்டுக்கு ஒரே தடவையில் கட்டிய பணம் யூரோவாகவே இருக்கிறது, நடுவில் ரூபாய் விழுந்தாலும் அந்த ஆண்டுக்கு ஆபத்தில்லை. ஒவ்வொரு பருவமும் ரூபாயை மாற்றி அனுப்பும் வீடு ஒவ்வொரு பருவமும் அந்த ஆபத்தை எதிர்கொள்கிறது.

வெளியே போவதற்கு முன்னால் வீட்டு வாசலையும் ஒருமுறை பாருங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 5 வீதம், கல்வி வசதி குறைந்தவை என்று வகுக்கப்பட்ட 16 மாவட்டங்களுக்கு ஒதுக்கப்படுகிறது, திருகோணமலை அதில் ஒன்று. நிலாவெளிப் பக்கம் கோணேசபுரியில் கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகம் இருக்கிறது. கணினி விஞ்ஞானம் படிக்கலாம், சித்த மருத்துவம்கூடப் படிக்கலாம்! இங்கே இலவசமாக இளமாணி, பிறகு ஜேர்மனியில் கட்டணமில்லா முதுமாணி. துறைமுகச் சம்பளத்தில் ஓடும் ஒரு வீட்டின் காணி உறுதி பெட்டிக்குள்ளேயே இருக்கும் வழி இதுதான் என்று நான் நம்புகிறேன். கைத்தொழில் விருப்பமென்றால் கிளிநொச்சியில் 2016இல் திறந்த இலங்கை–ஜேர்மன் பயிற்சி நிலையம் இருக்கிறது, அதற்கு விமானச் சீட்டே தேவையில்லை.

இங்கே பல்கலைக்கழக அனுமதிக்கு இஸட் புள்ளி கைகொடுக்காத பிள்ளை, ஆங்கிலம் நன்றாக ஓடுகிறது, வெளியே இருக்கும் அக்காவோ அண்ணாவோ கட்டணத்தில் கைகொடுப்பார்கள் என்றால் பத்தொன்பது வயதில் அவுஸ்திரேலியா நியாயமான தெரிவு. முடித்தபின் இளமாணிக்கும் பாடநெறி முதுமாணிக்கும் பொதுவாக இரண்டு ஆண்டு வரை அங்கே தங்கி வேலை செய்யும் வீசா உண்டு, ஆனால் 2024 ஜூலையிலிருந்து பொதுவாக 35 வயதுக்கு மேல் கிடைக்காது. ஜேர்மனியில் பட்டம் முடித்தவருக்கு வேலை தேட 18 மாதம். அங்கே வயதெல்லை இல்லை, ஆனால் ஜேர்மன் மொழி இல்லாமல் அந்த 18 மாதமும் வேகமாகக் கரையும். ஆங்கில முதுமாணி படிக்கிற பிள்ளையும் முதல் நாளிலிருந்தே மாலை வகுப்பில் மொழி படிக்கட்டும்.

மருத்துவம் என்றால் இந்த இரண்டு நாடுகளையும் விட்டு ரஷ்யா, சீனா, பங்களாதேஷ் என்று பேச்சு வேறு திசைக்குப் போய்விடும். போங்கள், ஆனால் ஒன்றைப் பார்த்துவிட்டு. இலங்கை மருத்துவ சபையின் அங்கீகாரப் பட்டியலில் அந்தக் கல்லூரி இருக்கிறதா, பிள்ளையின் உயர்தரப் பெறுபேறு சபை கேட்கும் தகுதிக்கு எட்டுகிறதா என்று காசு கட்டுவதற்கு முன்பே பார்க்க வேண்டும். திரும்பி வந்தபின் இங்கே பதிவுக்கு 'ஈ.ஆர்.பி.எம்.' என்ற சோதனையும் எழுத வேண்டும்.

இந்த வருடப் பெறுபேற்றோடு ஆவணங்களைச் சேர்க்கும் வீடுகளுக்குத் திகதிகள்: ஜேர்மனியின் ஒக்டோபர் பருவத்துக்குப் பல பல்கலைக்கழகங்களில் கடைசி நாள் ஜூலை 15. அதற்கு முன் 'யூனி-அசிஸ்ட்' நிறுவனத்தின் ஆவணச் சரிபார்ப்புக்கு முதல் விண்ணப்பத்துக்கு 75 யூரோவும், அடுத்த ஒவ்வொன்றுக்கும் 30 யூரோவும். அவுஸ்திரேலியாவில் பெப்ரவரி–மார்ச்சிலும் ஜூலையிலும் வகுப்புகள் தொடங்கும். ஐஈஎல்டிஎஸ் ஆங்கிலச் சோதனைப் புள்ளி இரண்டு ஆண்டுக்குத்தான் செல்லும், ஆகவே போகும் வயதை முடிவு செய்த பிறகே அந்தச் சோதனைக்குக் காசு கட்டுங்கள். பரீட்சைத் திணைக்களச் சான்றிதழும் கடவுச்சீட்டும் எந்த நாட்டுக்கும் வேண்டும். அவற்றை இந்த மாதமே எடுத்துவிடலாம்.